உதவி கேட்டாலே எரிச்சல் வருகிறது: எனக்கு மட்டும்தானா?

அடையாறுக்காரன் | சென்னை

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உதவி கேட்டு எது வந்தாலும் எனக்கு இப்போது முதலில் வருவது எரிச்சல்தான். இரக்கம் அதற்கு அப்புறம் வந்தால் உண்டு, பல சமயம் வருவதே இல்லை. ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் வென்டிலேட்டர் மாட்டிய குழந்தையின் படம், கீழே க்யூஆர் கோடு. யூடியூபில் பாட்டுக்கு நடுவே இன்னொரு குழந்தை, இன்னொரு அம்மா, அதே அழுகை, அதே பின்னணி இசை. சிக்னலில் கார் கண்ணாடியைத் தட்டும் கை. ஸ்கிப் பட்டனை அழுத்த விரல் யோசிப்பதுகூட இல்லை.

நான் எப்போதும் இப்படி இருந்தவன் கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்த ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். 2018 ஆகஸ்டில் கேரளா மூழ்கியபோது எங்கள் குடியிருப்பிலிருந்து மட்டும் ஒரு மினி லாரி நிறைய அரிசி, போர்வை, நாப்கின் போனது. மூன்றே மாதத்தில் கஜா. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். முதல் பதில்: "இப்பதானே சார் கொடுத்தோம்." 2023 டிசம்பரில் மிக்ஜாமில் நாங்களே தண்ணீருக்குள் இருந்தோம். இரண்டு வாரம் கழித்து தூத்துக்குடி, திருநெல்வேலி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. குழுவில் அது அரை நாள் பேச்சு. 2024இல் ஃபெஞ்சல் விழுப்புரத்தைப் புரட்டிப் போட்டபோது அந்த அரை நாள்கூட இல்லை.

இதற்கு இரக்கச் சோர்வு என்று பேர் வைத்திருக்கிறார்கள். நிஜமாகவே சோர்வா? அல்லது வீட்டுக் கடன் அடைந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் வருகிற கல்மனசுக்குக் கௌரவமான பெயரா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். திட்டுவதானாலும் திட்டலாம்.

நேர்பேச்சு | கோவை

இரண்டும் இல்லை சார். ஏமாந்து ஏமாந்து வந்த தெளிவு. சிக்னலில் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை எந்த நேரம் பார்த்தாலும் தூங்குகிறதே, எப்படி? டிரஸ்ட் பேரில் வசூல் பண்ணிக் கார் வாங்கியவர்களை என் தெருவிலேயே காட்டுவேன். ஆன்லைனில் திரட்டும் கம்பெனிகளோ நன்கொடைக்கு மேலே தங்களுக்கு "டிப்ஸ்" வேறு கேட்கின்றன.

இன்னொன்றும் சொல்கிறேன், யாருக்குக் கோபம் வந்தாலும் சரி. ரேஷனில் அரிசி இலவசம், பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை. இதற்கெல்லாம் நான் வரி கட்டுகிறேன். அப்புறம் சிக்னலிலும் கொடு என்றால் எப்படி? என் பங்கைச் செலுத்திவிட்டேன் என்று நினைப்பதில் என்ன தப்பு?

தென்னந்தோப்பு | பேராவூரணி

அடையாறு அண்ணே, "இப்பதானே கொடுத்தோம்" என்ற அந்த பதிலை மறுமுனையில் நின்று கேட்டவன் நான்.

2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா, விடிவதற்குள் எங்கள் ஊர்த் தோப்புகளைப் படுக்கப் போட்டுவிட்டது. தென்னை சாய்ந்தால் அந்த வருஷ வெள்ளாமை மட்டும் போனதாக அர்த்தமில்லை. திரும்பக் கன்று வைத்துக் காய் பார்க்க ஆறேழு வருஷம் ஆகும். அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் அறிவித்தது: இழப்பீடு 600, வெட்டி அகற்ற 500. விழுந்த மரத்தை இழுத்துப் போடவே அந்த 500 போதவில்லை. டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. எத்தனையோ நாள் இருட்டு. செல்போன் சார்ஜ் இல்லை, டவர் இல்லை, அதனால் எங்கள் படமே வெளியே போகவில்லை. சென்னை மூழ்கினால் சென்னையிலிருந்தே ஆயிரம் கேமரா படம் எடுக்கும். கருக்காடிப்பட்டிக்கும் முடச்சிக்காட்டுக்கும் கேமரா வந்து சேர மூன்று நாளாச்சு.

வந்த நிவாரண வண்டிகளும் மெயின் ரோட்டு ஊர்களிலேயே காலியாகின. உள்ளே இருக்கிற ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு வந்து மறித்தார்கள். டிவியில் அதை மறியல் என்று காட்டினார்கள். வேறென்ன செய்வது?

பிஸ்கட், பன் கொடுக்க வந்த ஒரு குழு எங்கள் தெருப் பெண்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் பிடித்தது. என் பெரியப்பா பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கோயில் திருவிழாவுக்குக் கணக்கு வைக்காமல் தேங்காய் அனுப்பிய மனுஷன். பசிக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டு ராத்திரி இளநீர் வழுக்கையைத் தின்றார். கீழே கிடந்ததுதானே, அதற்குப் பஞ்சமில்லை.

நேர்பேச்சு சார் பங்கு பற்றிச் சொன்னதால் ஒன்று. எங்கள் ஊர்ப் பக்கம் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தவர்களில் கேரள மின்வாரிய ஆட்களும் இருந்தார்கள். கேரள அரசு 10 கோடி ரூபாயும் கொடுத்தது. மூன்று மாதம் முன்னால் மூழ்கிய மாநிலம் அது. சோர்வாக இருக்க அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

சும்மா_வந்தேன் | மதுரை

பெரியப்பா கதை படித்துவிட்டு வேலை ஓடவில்லை. நன்றி தம்பி.

வார்டு_சிஸ்டர் | தென் மாவட்டம்

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஊர் பேர் வேண்டாம்.

இரக்கச் சோர்வு என்ற சொல் எங்கள் வேலையில் நன்றாகப் பழக்கமானதுதான். 1992இல் அமெரிக்காவில் அவசரப் பிரிவு நர்ஸ்களைப் பற்றிய ஒரு கட்டுரையில் வந்தது. பிறகு சார்லஸ் ஃபிக்லி என்ற உளவியலாளர், அடுத்தவர் காயத்தைத் தினமும் பார்ப்பவர்களுக்கு வரும் பாதிப்பு என்று 1995இல் விரிவாக எழுதினார். அதாவது உடம்பால் பக்கத்தில் நிற்பவர்களுக்கு வருவது. செல்போனில் பத்துப் படம் பார்த்தவர்களுக்கும் அதே பெயரைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். கோபித்துக்கொள்ளாதீர்கள் அண்ணா.

எங்களுக்கு எப்படி வரும் என்றால், அழுகை வராது. குரல் மாறும். நைட் ஷிஃப்டில் வார்டு முழுக்க ஒருத்தி. டிரிப் முடிந்த படுக்கை, மூச்சு வாங்கும் படுக்கை, இன்சுலின் போட வேண்டிய படுக்கை என்று ஓடும்போது, கடைசிக் கட்டிலில் இருக்கும் பாட்டி "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். என்ன என்று கேட்டால் போர்வை வேண்டும். அந்த இடத்தில் எரிந்து விழுவோம். விழுந்த பிறகு கவனித்தால் தெரியும், யார்மேல் எரிந்து விழுந்தோமோ அவருக்குத்தான் கூட ஆள் இருக்காது. பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கும் நோயாளி அதிகம் கூப்பிடுவதில்லை. யாருமில்லாதவர்தான் எல்லாவற்றுக்கும் எங்களைக் கூப்பிடுவார், அதனால் எல்லார் எரிச்சலும் அவர்மேல்தான் போய் முடியும். சிக்னலிலும் வாட்ஸ்அப்பிலும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வேறு வழியே இல்லாதவர்தான் அதிகம் கேட்பார், அதிகம் கேட்பவரைத்தான் நமக்குப் பிடிக்காமல் போகும்.

2021 மே மாதம் ஆக்சிஜனுக்காக ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்களில் எங்கள் சீனியர் ஒருத்தர் ஒரு வேலை செய்தார். யாரும் ஒரே வாரம் முழுக்க அதே வார்டில் நிற்கக் கூடாது, சாப்பிடும் அரை மணி நேரம் போனைத் தொடக் கூடாது. அவ்வளவுதான். தியானம், கவுன்சிலிங் எதுவும் இல்லை. டியூட்டி மாற்றிப் போட்டதே பெரிய மருந்தாக இருந்தது. மனசைத் தேற்றுவதற்கு முன்னால் ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் பாதிச் சோர்வு போய்விடும் என்பது என் கட்சி.

ராத்திரிவாசகன் | திருச்சி

சிஸ்டர் சொன்னதை ஒட்டி, தூரத்தில் இருப்பவர்கள் விஷயத்தில் ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கொஞ்சம்.

2007இல் அமெரிக்காவில் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் மூன்று பேர் ஒரு சோதனை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் கையில் ஐந்து டாலர். மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படமும் பெயரும் காட்டப்பட்டவர்கள் சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் பசியில் என்ற புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் 1.14. இரண்டையும் சேர்த்துக் காட்டியபோது கூடியிருக்க வேண்டும் அல்லவா? 1.43க்கு இறங்கியது. சிறுமியின் பக்கத்தில் கூட்டம் தெரிந்ததுமே "நான் கொடுத்து என்ன ஆகிவிடும்" வந்துவிடுகிறது. கஜா நேரத்தில் எட்டு மாவட்டம், பத்து மாவட்டம் என்று செய்தி நீள நீள வசூல் குறைந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

2011இல் கேமரன், பெய்ன் இருவர் செய்தது இன்னும் சுவாரசியம். பல பேருக்காக உதவி கேட்கப்போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால், உணர்ச்சியைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் இரக்கத்தை முளையிலேயே அடக்கிவிடுகிறார்கள். கேட்கப்போவதில்லை என்றால் அந்தக் குறைவு தென்படவில்லை. அப்படியானால் அடையாறு சாரின் விரல் யோசிக்காமல் ஸ்கிப் அழுத்துவது தீர்ந்துபோன இரக்கத்தால் இல்லை. செலவு வரும் என்று தெரிந்து மனசு முன்னாலேயே கதவைச் சாத்துகிறது. கல்மனசு என்று இதைச் சொல்ல முடியாது, முழுச் சோர்வு என்றும் சொல்ல முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது. 2015 செப்டம்பர் 2 அன்று துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படம் நினைவிருக்கும். ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் சிரிய அகதிகளுக்காக நடத்திய நிதிக்கு அடுத்த வாரம் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை நூறு மடங்கு. ஆறு வாரத்துக்குள் அது வடிந்துவிட்டது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பாதியைத்தான். அதே ஆய்வில் இன்னொரு பாதி உண்டு. அந்தப் படம் வந்த மாதத்தில், மாதாமாதம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்கள் ஏறக்குறைய பத்து மடங்கானார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் அவர்களில் அநேகமாக யாருமே விலகவில்லை. அவர்களுடைய மனசு மட்டும் தனியாக இளகியே இருந்திருக்காது. மற்றவர்களைப் போலத்தான் மறந்திருப்பார்கள். வங்கி மறக்கவில்லை.

நேர்பேச்சு | கோவை

ஸ்வீடன் கதையெல்லாம் சரி வாசகரே. அங்கே சங்கம் கணக்குக் காட்டும். இங்கே நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. சிக்னலில் இருக்கும் மாஃபியா? மத்தியப் பிரதேசத்தில் இந்தூரில் 2025 ஜனவரி 1 முதல் பிச்சை போடுகிறவர்மேலேயே வழக்கு என்றார்கள். சரியான வைத்தியம் என்பேன். கொடுப்பது நின்றால் எடுப்பது நிற்கும்.

கறுப்புக்கோட்டு | மதுரை

நேர்பேச்சு, குழந்தையை வைத்துப் பிச்சை எடுக்கும் கும்பல் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதற்குச் சட்டமும் இருக்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 76வது பிரிவு, குழந்தையைப் பிச்சை எடுக்கப் பயன்படுத்தினால் ஐந்து வருடம் வரை சிறை. உறுப்பைச் சிதைத்தால் இன்னும் கடுமை. அந்தக் குழந்தை எப்போதும் தூங்குகிறது என்று இத்தனை துல்லியமாகக் கவனித்திருக்கிறீர்களே, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு ஒரு தடவை போன் போட்டதுண்டா? குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். காசு போடுவதற்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்கும் நடுவில் இப்படி ஒரு வேலை இருப்பது பலருக்குத் தெரியாது.

ஆனால் "கொடுப்பது நின்றால் எடுப்பது நிற்கும்" என்பது எண்பது வருடமாகப் பரிசோதித்துத் தோற்ற மருந்து. சென்னை மாகாணத்தில் பிச்சை தடுப்புச் சட்டம் 1945லேயே வந்துவிட்டது. பம்பாய்ச் சட்டம் 1959. பம்பாய்ச் சட்டத்தின் வரையறையைப் படித்தால், பொது இடத்தில் பாட்டுப் பாடிக் காசு வாங்குவது, குறி சொல்வது, வித்தை காட்டுவது, ஏதாவது ஒரு பொருளை நீட்டி விற்பதுகூடப் பிச்சை. பிழைக்க வழியில்லாமல் சுற்றித் திரிவதும் பிச்சையேதான். அதை டெல்லிக்கு நீட்டித்திருந்த பகுதியின் பல பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021 ஜூலையில், தெருக்களிலிருந்து பிச்சைக்காரர்களை அகற்ற வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனவர்களிடம், மேல்தட்டுப் பார்வையை நாங்கள் எடுக்க முடியாது, வறுமைதான் காரணம் என்ற பொருளில் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாடு முழுக்கப் பிச்சைக்காரர்கள், திக்கற்றோர் சேர்த்து 4.13 லட்சம். இது குறைத்து எண்ணியதாகவே இருக்கட்டும், இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்த நாட்டுக்கு இது சமாளிக்க முடியாத எண்ணிக்கையா? அவர்கள் கண்ணில் படுவதுதான் நமக்குத் தொந்தரவு. கண்ணில் படாத ஏழை பற்றி இந்த இழையில் இதுவரை யாரும் பேசவில்லை.

ஓய்வு_வாத்தியார் | புதுக்கோட்டை

தம்பி நேர்பேச்சு எழுதிய "நான் வரி கட்டுகிறேன்" என்ற வாக்கியத்தை நான் 1982லேயே கேட்டுவிட்டேன். அப்போது ஒன்றியப் பள்ளியில் புது ஆசிரியன்.

எம்.ஜி.ஆர். அந்த வருடம் ஜூலை 1ஆம் தேதி சத்துணவைத் தொடங்கினார். காமராசர் காலத்து மதிய உணவு 1956லிருந்தே இருந்தது. ஆனால் அது எல்லாப் பிள்ளைக்கும் எட்டவில்லை, ஊர்க்காரர் கொடையையும் நம்பியிருந்தது. அறுவடை நன்றாக இருந்த வருடம் சோறு கெட்டி, மழை பொய்த்த வருடம் கஞ்சி என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். 1982இல் எங்கள் ஊர் டீக்கடையில் பேசியதை எழுதினால் இங்கே நீக்கிவிடுவார்கள். "பள்ளிக்கூடமா, சத்திரமா?", "தின்னுட்டுத் தூங்கப் போறான்", "யார் வீட்டுக் காசு?" படித்தவர்கள் இதையே இங்கிலீஷில் பத்திரிகைகளில் எழுதினார்கள். நிதி தாங்காது, வெறும் கவர்ச்சித் திட்டம் என்று பெரிய பொருளாதார வாதங்கள்.

எங்கள் பள்ளியில் நான் கண்டது வேறு. மாடு மேய்க்கப் போன பிள்ளைகள் மணி அடிப்பதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். ஊர்த் தெருப் பிள்ளையும் சேரிப் பிள்ளையும் ஒரே பந்தியில் என்பதால் சில வீட்டார் பிள்ளையைச் சாப்பிட விடாமல் மதியம் கூட்டிப் போனார்கள். கொஞ்ச காலம்தான். பந்தியில் கூட்டாளிகள் இருக்கும்போது எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகும்? சமைத்த ஆயா விதவை. மாதச் சம்பளம் என்று கையில் வாங்கிய முதல் மனுஷி அவள் குடும்பத்தில். பிறகு முட்டை வந்தது. அதற்கும் டீக்கடையில் ஒரு கச்சேரி நடந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசு ஆரம்பப் பள்ளிகளில் சமைத்த உணவு போட உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு தொடங்கியபோது பழைய வசனம் திரும்பக் கேட்டது. இப்போது டீக்கடைக்குப் பதில் பேஸ்புக்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாற்பது வருடத்துக்கும் மேலாக யாரோ தினமும் அரிசி களைந்து போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை நாளும் அவர்களுக்குக் கருணை பொங்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை. எங்கள் ஆயா பாதி நாள் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டேதான் பரிமாறுவாள். சோறு மட்டும் நின்றதில்லை. அந்தப் பிள்ளைகளும் நன்றி சொல்லிப் படத்துக்கு நின்றதில்லை. தட்டை நீட்டினார்கள், தின்றார்கள், கழுவி வைத்துவிட்டு ஓடினார்கள்.

மீன்பாடும்தேன் | மட்டக்களப்பு

வாத்தியார் ஐயா கடைசியில் எழுதினதுக்காகவே உள்ளே வந்தேன். வாங்குகிற ஆட்களின் களைப்பைப் பற்றிப் பேராவூரணித் தம்பி மட்டும்தான் கதைத்திருக்கிறார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் உதவி நிறுவனங்களின் கொடியும் பெயர்ப்பலகையும் நிறைந்து கிடந்தன. கட்டிக் கொடுத்த வீட்டுச் சுவரில் இன்னார் தந்தது என்று பலகை. இன்றைக்கும் சில இடத்தில் பார்க்கலாம். இலங்கை முழுக்கத் தேவைக்கு மிஞ்சிச் சின்ன வள்ளங்கள் வந்தன, அவற்றில் பலது தரமில்லாதவை. கடலுக்கே போயிராதவர்களுக்கும் வள்ளம். உங்கள் நாகப்பட்டினத்தில் பழைய துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்து, நகராட்சி வாரிப் போட்டது எல்லோருக்கும் தெரிந்த கதை. கொடுத்தவர்களின் அலுமாரி காலியானது, வாங்கினவர்கள் அவமானப்பட்டார்கள். முகாமில் இருந்த சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் வந்தது: நிறுவனங்களின் வெள்ளை வாகனம் வந்தால் விளையாட்டை நிறுத்திவிட்டு முகத்தைச் சோகமாக்கிக்கொள்வார்கள். வாகனம் போனதும் திரும்ப விளையாட்டு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இனி முக்கியமானதுக்கு வருகிறேன். இரண்டு வருஷம் கழித்து, 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரைப் பக்கத்திலிருந்து சனம் சண்டைக்குப் பயந்து நடந்தும் கடலாலும் மட்டக்களப்புக்கு வந்தது. சுனாமி அடித்த அதே கரை, பல குடும்பங்கள் அதே குடும்பங்கள். இந்த முறை உலகம் அப்படி ஓடி வரவில்லை. கடல் அடித்தால் யாரும் குற்றவாளி இல்லை, அதனால் தாராளமாக அழலாம். சண்டை என்றால் "இவர்கள் எந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி முன்னுக்கு வந்து நிற்கும். அந்தக் கேள்வி வந்த இடத்தில் காசு நிற்கும்.

நேர்பேச்சு அண்ணை, நீங்கள் சிக்னலில் கேட்பதும் அந்த மாதிரிக் கேள்விதான். இவர் தன் பிழையால் இப்படி ஆனாரா, விதியால் ஆனாரா? வெள்ளம் வந்தவரிடம் கேட்கமாட்டீர்கள். வேலை போனவரிடமும் குடிகாரப் புருஷனிடமிருந்து பிள்ளையோடு ஓடி வந்தவளிடமும் கேட்பீர்கள். அவர்கள் பதில் சொல்லிச் சொல்லித்தான் களைத்துப் போகிறார்கள்.

புதுமுகம்77

[இணைப்பு நீக்கப்பட்டது] தயவு செய்து பகிரவும், மூன்று வயதுக் குழந்தை, இன்னும் நாலு நாள்தான்

மட்டுறுத்துநர்

சரிபார்க்காத நிதி திரட்டும் இணைப்புகளுக்கு இங்கே அனுமதி இல்லை. பதிவிட்டவருக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். வார்டு_சிஸ்டர், முடிந்தால் உங்கள் தனிச்செய்தியையும் பாருங்கள்.

அடையாறுக்காரன் | சென்னை

பார்த்தீர்களா, இந்த இழைக்குள்ளேயே வந்துவிட்டது. எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் வாசகர் சொன்னதைப் படித்த பிறகு அந்த எரிச்சலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க முடிந்தது. குழந்தைமேல் இல்லை. "இதை ஏன் என்னிடம் கேட்கிறார்கள், நான் யார் இதைத் தீர்மானிக்க?" என்ற எரிச்சல். எந்தக் குழந்தை பிழைக்க வேண்டும் என்பதை யாருடைய படம் பரிதாபமாக இருக்கிறது என்று பார்த்து நான் முடிவு செய்வது எவ்வளவு கோணலான ஏற்பாடு! 2021இல் தசைச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்காகப் பல குழந்தைகளின் படங்கள் சுற்றின. சிலருக்குச் சேர்ந்தது. சேராதவர்கள் படம் என் கண்ணில் படவே இல்லை.

கறுப்புக்கோட்டு சார் சொன்ன 1098ஐ போனில் சேமித்துவிட்டேன். மாதாமாதம் கணக்கிலிருந்து போகிற மாதிரி ஏதாவது ஓர் இடத்தைத் தேடுகிறேன். வரவு செலவுக் கணக்கு வெளியிடும் இடமாக இருக்க வேண்டும். குழுவில் வருவதற்கெல்லாம் இனி பதில் போடப்போவதில்லை. அதற்காகக் குற்ற உணர்ச்சியும் படப்போவதில்லை.

நேர்பேச்சு | கோவை

நான் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சிக்னலில் கொடுக்கமாட்டேன். வரி கட்டுகிறவன் கேள்வி கேட்பான், அதுவும் அப்படியே. ஆனால் வாத்தியார் ஐயாவிடம் வாதம் பண்ண என்னிடம் சரக்கில்லை. நானே சத்துணவு முட்டை தின்றவன்.

சிஸ்டர், ஒரு நிஜமான கேள்வி. எங்கள் கம்பெனி லோடு மேன் ஒருத்தருக்கு மனைவிக்கு இதய வால்வு ஆபரேஷன். அவரும் இப்படிப் படம் போட்டுப் பணம் பிரிக்கலாமா என்று கேட்கிறார். முதலமைச்சர் காப்பீட்டில் வராதா?

வார்டு_சிஸ்டர் | தென் மாவட்டம்

வரும் அண்ணா. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை. இதய ஆபரேஷன்கள் அதில் உண்டு, அரசு மருத்துவமனையிலும் செய்யலாம், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் செய்யலாம்.

சிக்கல் வருமானத்தில்தான் வரும். ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்று விதி. மாதம் பத்தாயிரம். லோடு மேன் கூலி அதைத் தாண்டினால் கழன்றுவிடும். இங்கே நிதி கேட்டுப் படம் போடுகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்பவர்கள்தான். காப்பீடும் கிடைக்காது, கையிலும் இருக்காது. அப்படி ஆனாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அங்கே சிகிச்சைக்கு வருமானம் பார்ப்பதில்லை. காத்திருப்பு இருக்கும், அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்ள வேண்டும்.

கார்டு இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த எக்கோ ரிப்போர்ட்டையும் ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளட்டும். தனியாக அனுப்பாமல் கம்பெனியிலிருந்து யாராவது கூடப் போனால் நல்லது. ஒரு சான்று குறைகிறது என்று திருப்பி அனுப்பினால் கூலி ஆட்கள் இரண்டாவது தடவை போவதில்லை, ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று.

நேர்பேச்சு | கோவை

சரி. திங்கள்கிழமை நானே கூட்டிப் போகிறேன். வி.ஏ.ஓ. ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று யாருக்காவது தெரியுமா?

தென்னந்தோப்பு | பேராவூரணி

ஆபீஸ் திறக்கிற நேரம் வேறு, அவர் வருகிற நேரம் வேறு சார். முதல் நாளே போன் பண்ணிவிட்டுப் போங்கள். வருமானச் சான்றை இப்போது இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், அலைச்சல் குறையும்.